பக்கவாதம் வந்தவரின் சிபிசி ரிப்போர்ட்: அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் யாருக்காவது கை கால் விழுந்துவிட்டது என்றால், அன்று சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் சிபிசி ரிப்போர்ட், அதாவது ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் தாள், வந்துவிடும். மூளை ஸ்கேன் படத்தைப் பார்த்து நமக்கு ஒன்றும் விளங்காது. சிபிசி தாளில் எண்கள் இருக்கின்றன, பக்கத்திலேயே நார்மல் அளவும் இருக்கிறது, கூடினால் 'எச்', குறைந்தால் 'எல்' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது; அதனால் சிங்கப்பூரில் இருக்கும் மகன், கோலாலம்பூரில் இருக்கும் தம்பி, சென்னையில் இருக்கும் மகள் எல்லாரும் அதை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தேடிப் படிக்கிறார்கள். "அப்பச்சிக்கு வெள்ளை அணு பதினாலாயிரம் இருக்கே, கிருமி ஏதும் ஏறிடுச்சா?" "பிளேட்லெட் குறையுதே, டெங்குவா இருக்குமோ?" நியாயமான கேள்விகள்தான். வார்டில் இருக்கும் டாக்டருக்கு இதையெல்லாம் உட்கார்ந்து விளக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதைச் சொல்லாது என்பதை முதலில் பார்த்துவிடலாம், உயிர் போகிற விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பக்கவாதம் இரண்டு விதம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. பெரும்பங்கு அடைப்புதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி: வாய் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கக் கை கால் தொய்ந்துவிடும். ஆனால் வைத்தியம் நேர் எதிர். அடைப்பு என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போடலாம், கசிவு என்றால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். எது என்று பிரித்துச் சொல்வது ஸ்கேன் மட்டும்தான், ரத்த எண்ணிக்கையில் எந்த எண்ணும் இதைச் சொல்லாது. ஹீமோகுளோபின் பதினான்கு, பிளேட்லெட் இரண்டரை லட்சம், தாளில் ஒரு 'எச்' கூட இல்லை என்று இருக்கும் மனிதருக்கும் மூளையில் பெரிய குழாய் அடைத்திருக்கலாம். "ரத்த ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு, காலையில பாத்துக்கலாம்" என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

நேரக் கணக்கு இதுதான். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் செத்துப்போகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் எவ்வளவு முன்னால் போடுகிறோமோ அவ்வளவு பலன். காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், அதாவது ரோட்டிலேயே ஒன்றரை இரண்டு மணி நேரம் போய்விடும். இந்த நிலையில் "முதல்ல பக்கத்து லேப்ல ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துடுவோம்" என்று அரை மணி நேரம் நிற்பதும், புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அலைவதும் ஒரே தவறுதான், இரண்டிலும் போவது மூளைதான். அந்த ஊசி போடுவதற்கு முன்னால் கட்டாயமாகப் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை சர்க்கரை ஒன்றுதான், அதற்கு விரல் நுனியில் ஒரு சொட்டு போதும். சர்க்கரை மிகவும் குறைந்துபோனாலும் பக்கவாதம் மாதிரியே கை கால் விழும் என்பதால் அந்தச் சோதனை. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணு ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் கரைக்கும் ஊசி போடக் கூடாது என்பது விதிதான். ஆனால் ரத்தக் கோளாறு, ஈரல் நோய், சமீபத்தில் காய்ச்சல் என்று சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லாத நோயாளிக்கு, அந்த எண்ணிக்கை வரும்வரை ஊசியைத் தாமதிக்க வேண்டாம் என்றே சிகிச்சை வழிகாட்டிகளும் சொல்கின்றன.

அப்புறம் இந்தத் தாள் எதற்கு? பக்கவாதம் வந்த பிறகு உடம்பு அதை எப்படி எதிர்கொள்கிறது, அடுத்த சில நாளில் என்ன ஆபத்து வரக்கூடும் என்பதை ஓரளவு காட்டுவதற்கு. சில பேரிடம் மட்டும், பக்கவாதம் வந்ததற்கான காரணமே இந்தத் தாளில் உட்கார்ந்திருக்கும்.

வெள்ளை அணுவை எடுத்துக்கொள்வோம். நார்மல் நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை. பக்கவாதம் வந்த முதல் நாளில் பன்னிரண்டு, பதினாலாயிரம் என்று ஏறுவது சாதாரணம், கிருமி எதுவும் இல்லாமலே ஏறும். மூளையில் ஒரு பகுதி செத்துக்கொண்டிருக்கும்போது உடம்பு முழுக்க அபாயச் செய்தி போகிறது. அட்ரினலின், கார்டிசால் எல்லாம் எகிறுகின்றன. ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நியூட்ரோபில் அணுக்கள் ரத்த ஓட்டத்துக்குள் வந்துவிடுகின்றன, எலும்பு மஜ்ஜையும் புதிதாக அனுப்புகிறது. அதே நேரத்தில் லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு குறைகிறது. இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால்தான், மொத்த எண்ணிக்கையை விட நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்து வரும் எண்ணை ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க ஆரம்பித்தார்கள். ஆராய்ச்சிகளில் இதை என்எல்ஆர் என்கிறார்கள்.

தாளில் டிஃபரன்ஷியல் கவுண்ட் என்று, வெள்ளை அணு வகைகளின் சதவீதம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். நியூட்ரோபில் 60, லிம்போசைட் 30 என்றால் விகிதம் 2. ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 வரை இருக்கும். பக்கவாத வார்டில் நியூட்ரோபில் 82, லிம்போசைட் 11 என்று வந்தால் விகிதம் ஏழுக்கு மேல். பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கின்றன: இந்த விகிதம் கூடுதலாக இருப்பவர்களுக்கு மூளை வீக்கம், அடைப்பு ஏற்பட்ட இடத்திலேயே பிறகு ரத்தம் கசிவது, நிமோனியா, மூன்று மாதம் கழித்தும் பிறர் உதவியில்லாமல் நடமாட முடியாத நிலை எல்லாம் அதிகம். கசிவு ஏன் என்றால், நியூட்ரோபில்கள் அடிபட்ட மூளைப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்து அங்கே சில நொதிகளைக் கொட்டுகின்றன, அவை ரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை அரிக்கின்றன. நிமோனியா ஏன் என்றால், லிம்போசைட் குறைந்த உடம்புக்கு எதிர்ப்பு சக்தி குறைவு, அதோடு விழுங்கும் தசையும் சரியாக வேலை செய்யாமல் எச்சிலும் தண்ணீரும் நுரையீரலுக்குள் இறங்குகின்றன.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் உடனே காபி, சோடா, சர்க்கரைத் தண்ணீர் என்று எதையாவது ஊற்றுவது. பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்க முடிகிறதா என்று நர்ஸோ டாக்டரோ சோதித்துப் பார்க்கும்வரை வாய்வழியாக எதுவுமே கொடுக்கக் கூடாது, மாத்திரை உட்பட. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வெள்ளை அணு ஏறி, கூடவே காய்ச்சலும் இருமலும் வருகிற பலருக்கு, அதன் தொடக்கம் தப்பான குழாயில் இறங்கின ஒரு வாய் காபியாகக்கூட இருக்கலாம்.

விகிதம் ஏழு என்று பார்த்ததும் நம்பிக்கை இழக்க வேண்டாம். என்எல்ஆருக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது, ஒரு ஆய்வில் மூன்று, இன்னொன்றில் ஐந்து, வேறொன்றில் ஏழு என்று வெட்டியிருக்கிறார்கள். பெரிய அடைப்பு என்றால் விகிதமும் பெரிதாகத்தான் ஏறும், ஆகவே அந்த எண் பல நேரம் ஸ்கேனில் ஏற்கெனவே தெரிந்த சேதியைத்தான் திரும்பச் சொல்கிறது. நோயாளியின் வயது, முதலில் கை கால் எவ்வளவு விழுந்தது, நினைவு இருந்ததா, எத்தனை மணிக்குள் வைத்தியம் தொடங்கியது என்பவையெல்லாம் இதைவிட எடை கூடினவை. என்னைக் கேட்டால் ஒற்றை எண்ணைப் பார்க்கவே வேண்டாம், போக்கைப் பாருங்கள். முதல் நாள் 7, மூன்றாம் நாள் 4, ஐந்தாம் நாள் 2.5 என்று இறங்கிக்கொண்டு வந்தால் உடம்பு அடங்கி வருகிறது என்று அர்த்தம். இறங்கின எண் நாலாம் நாள் மறுபடி ஏறினால், நெஞ்சில் சளி சேர்கிறதா, சிறுநீர்க் குழாய் போட்ட இடத்தில் கிருமியா, படுக்கைப் புண் தொடங்குகிறதா என்று தேட வேண்டிய நேரம். அந்த இரண்டாவது ஏற்றத்தைப் பற்றி டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள், உருப்படியான கேள்வி அது.

"எண் கூடினால் ஆபத்து என்றால் எண்ணைக் குறைக்க மருந்து கொடுக்கலாமே?" என்று கேட்கத் தோன்றும். முயன்று பார்த்திருக்கிறார்கள். வெள்ளை அணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்க என்லிமோமாப் என்ற ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2001-இல் வெளிவந்தது, மருந்து வாங்கியவர்களின் நிலைமை மோசமானதுதான் மிச்சம். நிமோனியா வருவதற்கு முன்பே எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் போட்டுவிடலாம் என்று நெதர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த பெரிய சோதனை 2015-இல் வந்தது. தொற்று கொஞ்சம் குறைந்தது, ஆனால் மூன்று மாதம் கழித்து நடமாட்டத்தில் வித்தியாசம் இல்லை. ஆகவே, வெள்ளை அணு பதின்மூன்றாயிரம் என்ற ஒரே காரணத்துக்காக "ஸ்ட்ராங்கா ஒரு ஆன்டிபயாட்டிக் போடச் சொல்லுங்க" என்று வெளிநாட்டிலிருந்து போனில் வற்புறுத்துவதால் அப்பச்சிக்கு ஒரு நன்மையும் கிடையாது.

லேப் பக்கம் இருக்கும் சில சங்கதிகளும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் சிறிய லேப் பலவற்றில் இருப்பது மூன்று பிரிவு மெஷின். அது வெள்ளை அணுக்களை அளவை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கும். 'கிரானுலோசைட்' என்று அது காட்டும் கூட்டத்தில் நியூட்ரோபிலோடு ஈசினோபில் என்ற வேறு வகை வெள்ளை அணுவும் கலந்திருக்கலாம். அலர்ஜி, இளைப்பு, குடல் புழு என்று ஈசினோபில் ஏறியிருக்கும் ஆளுக்கு அந்தத் தாளை வைத்து விகிதம் போட்டால் கணக்கு தப்பும். ஐந்து பிரிவு மெஷினில் எடுத்த ரிப்போர்ட்டையும் மூன்று பிரிவு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து "ஏறிடுச்சு, இறங்கிடுச்சு" என்று சொல்லவே முடியாது. அதேபோல, பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் உள்ளூர் கிளினிக்கில் யாராவது டெக்சா மாதிரி ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், அந்த ஊசியே நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கிவிடும். அதனால் என்ன ஊசி போட்டார்கள் என்ற சீட்டைக் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.

பிளேட்லெட்டுக்கு வருவோம். ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை நார்மல். எடுத்த ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடி போட்ட குழாயில் ஒரு ரசாயனம் இருக்கும், சிலருடைய ரத்தத்தில் அந்த ரசாயனமே பிளேட்லெட்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். மெஷின் அந்தக் கொத்தை ஒரு பிளேட்லெட்டாகக்கூட எண்ணாது. உடம்பில் இரண்டு லட்சம் இருக்கும், தாளில் அறுபதாயிரம் வரும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலோ நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தாலோ உண்மை தெரிந்துவிடும். கரைக்கும் ஊசி போடலாமா வேண்டாமா என்ற முடிவே இந்த எண்ணில் தொங்கும் நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. உண்மையாகவே குறைவு என்றால் டெங்கு, ஈரல் சுருக்கம், மஜ்ஜை நோய், சில மருந்துகள் என்று காரணம் தேட வேண்டும், ஆஸ்பிரின் கொடுப்பதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுகிறவருக்கு பிளேட்லெட் எண்ணிக்கை குறையாது. மாத்திரை அதன் ஒட்டும் தன்மையைத்தான் குறைக்கிறது. "மாத்திரை சாப்பிட்டும் கவுண்ட் அப்படியே இருக்கு, மருந்து வேலை செய்யலை" என்று நிறுத்திவிட்டு இரண்டாவது பக்கவாதத்தோடு வருகிறவர்கள் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சிபிசி எதையும் சொல்லாது, அவர்கள் பார்க்க வேண்டியது ஐஎன்ஆர் என்ற உறைதல் சோதனை.

"ரத்தம் கெட்டியா இருக்கு" என்று டாக்டர் சொன்னதாக வீட்டில் பேசிக்கொள்வார்கள் இல்லையா, இந்தத் தாளில் அதற்குக் கொஞ்சமாவது பொருந்துகிற எண் பிசிவி, ஹீமடோக்ரிட் என்றும் போட்டிருக்கும். மொத்த ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஆண்களுக்கு நாற்பது முதல் ஐம்பது, பெண்களுக்கு அதைவிடச் சில புள்ளி குறைவு. சித்திரை வைகாசி வெயிலில் திருவிழா, கல்யாணம் என்று நாள் முழுக்க அலைந்து சரியாகத் தண்ணீர் குடிக்காத வயசானவர், அதிலும் பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், ரத்தத்தில் நீர் குறைந்து இந்த எண் ஏறும். ஆஸ்பத்திரியில் சலைன் இறங்கினதும் மறுநாள் பிசிவி இறங்கும், ஹீமோகுளோபினும் ஒரு கிராம் போல இறங்கும். உடனே "உள்ளே எங்கேயோ ரத்தம் போகுது" என்று கலங்க வேண்டாம், பெரும்பாலும் நீர் கலந்ததுதான். மலம் கறுப்பாகப் போனாலோ, எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தாலோ அது வேறு கதை, அப்போது வயிற்றுப் புண்ணைத் தேட வேண்டும், ஆஸ்பிரினும் சேர்ந்திருக்கிறதே.

நன்றாகத் தண்ணீர் ஏறின பிறகும் பிசிவி ஐம்பதுக்கு மேல், ஹீமோகுளோபின் பதினேழு பதினெட்டு என்று நின்றால் விட்டுவிடக் கூடாது. நாள்பட்ட புகைப் பழக்கம், தூக்கத்தில் மூச்சு அடைத்துக் குறட்டை விடும் நோய் காரணமாக இருக்கலாம். மஜ்ஜையே கட்டுப்பாடில்லாமல் சிவப்பணு தயாரிக்கும் பாலிசைத்தீமியா வெரா என்ற நோயாகவும் இருக்கலாம். அந்த நோயில் பக்கவாதமே முதல் அடையாளமாக வருவதுண்டு. ஜேக்2 என்ற மரபணு மாற்றம் 2005-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் பிடித்துவிடுகிறார்கள். ரத்தம் எடுத்துவிட்டும் மருந்து கொடுத்தும் பிசிவியை 45-க்குக் கீழே வைத்திருந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் வெகுவாகக் குறைகின்றன என்று 2013-இல் இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. காரணம் தாளிலேயே உட்கார்ந்திருக்கும் என்று மேலே சொன்னது இப்படிப்பட்டவர்களைத்தான். தலைமாட்டில் ரிப்போர்ட் இருந்தும் யாரும் அந்த எண்ணைக் கவனிக்காமல் ஆஸ்பிரின் மட்டும் எழுதி வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த அடைப்பு வரத்தான் செய்யும்.

குறைந்த ஹீமோகுளோபினும் கெடுதல்தான். அடைப்பைச் சுற்றி உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் மூளைப் பகுதிக்கு, வருகிற கொஞ்ச ரத்தத்திலும் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்து குறைந்தால் பிளேட்லெட் ஏறும் என்பது பலருக்குத் தெரியாது, ஐந்து ஆறு லட்சம்கூடப் போகும். பிள்ளை பெற்ற சில நாளில் விடாத தலைவலி, வலிப்பு, கை கால் இழுப்பு என்று வரும் இளம் பெண்களுக்கு மூளையிலிருந்து ரத்தம் திரும்புகிற சிரைக் குழாய் அடைத்திருக்கலாம். மதுரை நரம்பியல் மருத்துவர்கள் 1980-களிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும், சீதளம் பிடிக்கும் என்று அப்பத்தாமார்கள் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பிரசவம் முடிந்த உடம்பில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும், அதோடு ரத்தசோகையும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. தயவுசெய்து அவர்களுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

ஆர்டிடபிள்யூ என்று ஒரு எண் தாளில் இருக்கும், யாரும் அதைப் படிப்பதில்லை. சிவப்பணுக்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா, சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கின்றனவா என்று சொல்வது அது. ஒரே அச்சில் வார்த்த ஆத்தங்குடிக் கல்லுக்கும் நாலு வீட்டை இடித்துக் கொண்டுவந்து கொட்டின கல்லுக்கும் உள்ள வித்தியாசம்தான். பதினாலரை வரை நார்மல். இது கூடியிருக்கும் பக்கவாத நோயாளிகளில் இறப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ரத்தசோகை இவ்வளவு பரவிக் கிடக்கும் ஊரில் பதினாறு என்பது வீதிக்கு வீதி கிடைக்கும் எண், அதை வைத்து ஆயுசைக் கணிக்காதீர்கள். எனக்கு அதில் பிடித்த பயன் வேறு. பக்கத்தில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, நூறுக்கு மேல் இருந்தால் பி12 குறைவா என்று பார்க்கத் தூண்டும், சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு முக்கியமாக. பி12 குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் ஏறும், அதுவும் பக்கவாதத்துக்குத் துணை போகிற பொருள். இரும்பும் பி12-உம் இரண்டுமே குறைந்தவருக்கு எம்சிவி நடுவில் நின்று நார்மல் மாதிரி ஏமாற்றும், ஆர்டிடபிள்யூ மட்டும் காட்டிக்கொடுக்கும்.

பிளேட்லெட்டின் அளவைச் சொல்லும் எம்பிவி பற்றியும் நிறைய எழுதுகிறார்கள். ரத்தம் குழாயில் காத்திருக்கக் காத்திருக்க பிளேட்லெட் ஊதி அந்த எண் தானாகவே ஏறும். காலையில் கண்டனூரில் எடுத்த ரத்தம் பைக்கில் பயணம் செய்து மத்தியானம் காரைக்குடியில் மெஷினுக்குள் போனால், அந்த எம்பிவியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

காய்ச்சலோடு பக்கவாதம், வெள்ளை அணுவும் அதிகம் என்றால் இதய வால்வில் கிருமி பிடித்து அதிலிருந்து ஒரு துண்டு மூளைக்குப் போயிருக்கலாம். அது அபூர்வம்தான், ஆனால் அப்படிப்பட்டவருக்குக் கட்டி கரைக்கும் ஊசி போட்டால் மூளையில் கசியும் அபாயம் அதிகம். பக்கவாதம் வருவதற்கு முன்னாலிருந்தே காய்ச்சல் இருந்ததா என்று டாக்டர் கேட்பார், சரியாகச் சொல்லுங்கள். வெள்ளை அணு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று வந்தால் ரத்தப் புற்றுநோயைத் தேட வேண்டும்.

இவ்வளவையும் ஒரு டாக்டர் ஐந்து நிமிடத்தில் சரியாகப் படிக்க நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு, பழைய ரிப்போர்ட். பெரிய வீட்டில் ஆச்சியும் ஐயாவும் மட்டும் தனியாக இருக்க, பிள்ளைகள் நாலு ஊரில் இருக்கும் குடும்பங்களில் யாரிடம் எந்தத் தாள் இருக்கிறது என்றே தெரியாது. போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு எடுத்த சிபிசியில் பிசிவி 52 என்று இருந்தால், இன்றைக்கு வந்த 52 வெயிலால் மட்டும் வந்தது இல்லை என்று உடனே தெரிந்துவிடும். ஆறு மாதம் முன்பு பிளேட்லெட் 90 ஆயிரம் என்று வந்து, பிறகு கொத்தாக ஒட்டினதுதான் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த ஒரு வரி ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஊசியைக் காப்பாற்றும். அதனால் பெரியவர்களின் கடைசி இரண்டு மூன்று சிபிசி, சாப்பிடும் மாத்திரைப் பட்டியல், எந்த ஆஸ்பத்திரியில் இருபத்துநாலு மணி நேரமும் ஸ்கேனும் கரைக்கும் ஊசியும் உண்டு என்று முன்கூட்டியே விசாரித்து வைத்த விவரம், இந்த மூன்றையும் போட்டோ எடுத்து அதே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு மேலே பின் செய்து வையுங்கள். தாளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள், 108-க்கு முதலில் போன் செய்யப் போவது அவர்களாகத்தான் இருக்கும்.